நீரிழிவுக் காற்புண்: புதிய சிகிச்சைகளும் நமது கடமை வரிசையும்

விஞ்ஞானம் ஒரு நோய்க்குப் புதிய சிகிச்சையொன்றைக் கண்டு தரும்போது மகிழ்வது மனித இயல்பு. அச்சிகிச்சை யாருக்கு, எந்த நிலையில், எதற்குப் பின் பயன்படும் என்று வினவுவது அறிவின் இயல்பு. நீரிழிவு நோயாளியின் காலில், இரத்த ஓட்டம் குன்றிய நிலையில் தோன்றும் ஆறாப் புண்ணுக்குச் சென்ற பத்தாண்டுகளில் பல புதிய சிகிச்சைகள் வந்துள்ளன. அவற்றுள் சில உண்மையிலேயே வியக்கத் தக்கவை. அவற்றை வரவேற்கும் அதே வேளையில் ஒன்றை வற்புறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். இச்சிகிச்சைகளின் பயன் பெரிய மருத்துவமனையில் மட்டும் தீர்மானமாவதில்லை. கிராமத்தில் நோயாளியின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தை முதலில் பார்த்தவர் யார், எந்த நாளில் பார்த்தார் என்பதிலேயே அதன் பெரும் பகுதி அடங்கியிருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு நோயாளிகள் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. நீரிழிவு உடையோரில் நூற்றுக்கு 19 முதல் 34 பேர் வரை தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் காற்புண்ணுக்கு ஆளாகலாம் என்பது உலக மதிப்பீடு. முழங்காலுக்கு மேலோ கீழோ கால் துண்டிக்கப்பட்ட நீரிழிவு நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் ஐந்தாண்டுகளுக்குள் இறந்துவிடுகின்றனர். பல புற்றுநோய்களைக் காட்டிலும் இது கொடியது. ஆகவே இங்கே பேசப்படுவது ஒரு சிறு புண்ணைப் பற்றியதன்று. ஒரு குடும்பத்தின் உழைப்பையும் ஓர் உயிரின் நீட்சியையும் பற்றியது.

புண் ஏன் ஆறுவதில்லை?

நீண்ட நாள் நீரிழிவு இரண்டு வழிகளில் காலைக் கெடுக்கிறது. முதலாவது, நரம்புகள் உணர்விழக்கின்றன. காலில் முள் தைத்தாலும், செருப்பின் ஆணி குத்தினாலும், வெந்நீர் சுட்டாலும் நோயாளி அறிவதில்லை. இரண்டாவது, காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள், குறிப்பாக முழங்காலுக்குக் கீழுள்ளவை, சுருங்கி அடைபடுகின்றன. இவ்விரண்டோடு நோய்க்கிருமிகளும் சேர்ந்துகொண்டால் சில நாட்களிலேயே அழுகல் பரவிவிடும். ஐரோப்பாவின் பதினான்கு மருத்துவ நிலையங்களில் நடந்து 2008இல் வெளியான ஆய்வொன்றில், புதிதாகக் காற்புண்ணுடன் வந்த நீரிழிவு நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரத்தக் குழாய் அடைப்பும் இருந்தது.

நலமான தோலை நலமாகவே வைத்திருக்கச் சிறிதளவு இரத்தம் போதும். கிழிந்த தோலை மூடிப் புதிய திசுவை வளர்ப்பதற்கோ அதைப் போலப் பன்மடங்கு இரத்தம் வேண்டும். பிராணவாயுவும், புரதமும், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களும், வாய்வழி உட்கொண்ட மருந்தும் இரத்தத்தின் வழியாகவே புண்ணை அடைகின்றன. வாய்க்காலில் நீர் வராத வயலில் எருவை மட்டும் கொட்டிப் பயனில்லை என்பது நம் உழவர் அனைவரும் அறிந்ததே. இரத்தம் வராத காலில் விலையுயர்ந்த களிம்பைப் பூசுவதும் அத்தகையதே.

இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. இரத்தக் குழாய் அடைபட்ட பிறருக்கு நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கும். நோய் முற்றினால் படுத்திருக்கும்போதும் பாதம் வலிக்கும். அவ்வலி அவர்களை மருத்துவரிடம் துரத்துகிறது. நீரிழிவு நோயாளிக்கோ நரம்பு மரத்திருப்பதால் இந்த எச்சரிக்கை பல வேளைகளில் கிடைப்பதேயில்லை. "வலி ஏதும் இல்லை" என்று அவர் சொல்லும் சொல் நமக்கு ஆறுதல் தரக் கூடாது. ஐயத்தையே தர வேண்டும்.

புதிய சிகிச்சைகள் எவை?

இவற்றை இரு வகையாகப் பிரித்துக் காண்பது தெளிவு தரும். ஒரு வகை, காலுக்கு இரத்தத்தை மீண்டும் கொண்டு வருவது. மற்றொரு வகை, புண்ணின் மேலிருந்து அதை ஆற்ற முயல்வது.

முதல் வகையில் இரு முறைகள் நெடுநாளாகவே உள்ளன. நோயாளியின் சொந்தச் சிரையொன்றை எடுத்து அடைப்புக்கு அப்பால் இணைக்கும் பைபாஸ் அறுவை ஒன்று. குழாய்க்குள் பலூனைச் செலுத்தி விரிப்பது மற்றொன்று. இவற்றில் எது சிறந்தது என்பதை இரு பெரிய ஆய்வுகள் சோதித்தன. இரண்டிலும் பெரும்பான்மையோர் நீரிழிவு நோயாளிகளே. 2022இல் வெளியான அமெரிக்கத் தலைமையிலான ஆய்வில், தகுந்த சிரை உள்ளவர்களுக்கு அறுவையே மேலென முடிவாயிற்று. அதில் மரணம் அல்லது காலுக்குப் பெருங்கேடு நேர்ந்தவர்கள் அறுவைப் பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர். குழாய்வழிச் சிகிச்சைப் பிரிவில் 57 பேர். 2023இல் வெளியான பிரிட்டிஷ் தலைமையிலான ஆய்வோ, முழங்காலுக்குக் கீழ் அடைப்புள்ளவர்களிடம், பலூன் வழியை முதலில் மேற்கொள்வதே மேலெனக் கண்டது. மேற்போக்காகப் பார்ப்போர்க்கு இது முரணாகத் தோன்றும். ஆயினும் இரு ஆய்வுகளின் நோயாளிகளும் அடைப்பின் இடமும் ஒன்றல்ல. எவருக்கு எது தகும் என்பதை இரத்தக் குழாய் நிபுணர் நோயாளியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பதே இவற்றின் பாடம். இரண்டு முறையும் அறிந்த நிபுணரிடம் நோயாளி காலத்தோடு சென்று சேர வேண்டும் என்பது அதனினும் பெரிய பாடம்.

முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய தமனிகள் பலூனால் விரிந்த பின் மீண்டும் சுருங்கிவிடுவது பழைய இடையூறு. இதற்கு மருந்து பூசப்பெற்று, காலப்போக்கில் உடலிலேயே கரைந்துவிடும் சிறு தாங்கி ஒன்று ஆக்கப்பட்டுள்ளது. 261 நோயாளிகளிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் காலும் குழாயும் காக்கப்பட்டவர்கள் தாங்கிப் பிரிவில் நூற்றுக்கு 74 பேர்; பலூன் மட்டும் பெற்ற பிரிவில் 44 பேர். 2024இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி வழங்கியது.

அறுவைக்கும் பலூனுக்கும் இடமில்லாத, கால் துண்டிப்பைத் தவிர வேறு வழியற்ற நோயாளிகளும் உண்டு. அவர்களுக்காகச் சிரையையே தமனியாக்கும் முறை உருவாகியுள்ளது. தமனிகள் அடைபட்டிருப்பினும் சிரைகள் திறந்திருப்பதால், தமனியின் இரத்தத்தை ஆழ்சிரைக்குள் திருப்பி அதன் வழியே பாதத்திற்கு அனுப்புகின்றனர். 105 பேரிடம் இதைச் செய்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதங்களின் பின் நூற்றுக்கு 66 பேர் கால் இழவாமல் உயிருடன் இருந்தனர். அதற்குள் புண் முழுதும் ஆறியவர்கள் கால் பங்கினரே. ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு அந்த ஆய்வில் இல்லை என்பதையும் மறத்தலாகாது. எனினும், முன்பு வழியே இல்லாத இடத்தில் ஒரு வழி தோன்றியிருப்பது சிறப்பே.

இரண்டாம் வகைக்கு வருவோம். சுக்ரோஸ் ஆக்டசல்பேட் எனும் பொருள் சேர்ந்த கட்டு ஒன்று, நரம்பும் இரத்த ஓட்டமும் ஒருங்கே கெட்ட 240 பேரிடம் சோதிக்கப்பட்டு 2018இல் அறிவிக்கப்பட்டது. இருபது வாரங்களில் புண் ஆறியவர்கள் நூற்றுக்கு 48 பேர். சாதாரணக் கட்டில் 30 பேர். நோயாளியின் சொந்த இரத்தத்தைச் சுழற்றி வெள்ளணுக்களும் நார்ப்பொருளும் கொண்ட வில்லையாக்கிப் புண்மேல் ஒட்டும் முறையில், அதே 2018இல், 34க்கு 22 என்ற விகிதம் கிடைத்தது. பிராணவாயுவைப் புண்மீது அழுத்தத்துடன் செலுத்தும் முறை 2020இல் வெளியான சிறிய ஆய்வில் 42க்கு 14 என்ற அளவில் நலம் காட்டியது. நோயாளியையே அழுத்த அறைக்குள் இருத்திப் பிராணவாயு அளிக்கும் முறையில் மட்டும் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. 2010இல் வெளியான சுவீடன் ஆய்வில் நலம் கண்டது. 120 பேரிடம் நடந்து 2018இல் வெளியான டச்சு ஆய்வில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை.

நம் நாட்டின் பங்கும் சிறிதன்று. பெங்களூரு நிறுவனமொன்று உருவாக்கிய எலும்பு மச்சைக் குருத்தணுச் சிகிச்சை, இரத்த ஓட்டம் மிகக் குன்றிய கால்களுக்கென 2020இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி பெற்றது. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான, தொழில்நுட்ப நிலையம், பன்றியின் பித்தப்பையிலிருந்து அணுக்களை நீக்கிச் செய்த மெல்லிய சவ்வொன்றை ஆக்கியுள்ளது. புண் ஆற்றுதற்கான இச்சவ்வும் 2023இல் அனுமதி பெற்றது. இவை போற்றத் தக்கவை. ஆயின் அனுமதி பெற்ற ஒரு சிகிச்சையின் பெயரைச் சொல்லி, அனுமதியே பெறாத "குருத்தணு வைத்தியம்" விற்போரும் தோன்றக்கூடும். எந்த அனுமதி, எந்த நோய்க்கு என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டென்பதை நம் ஊழியர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வரிசை தவறினால் பயன் தவறும்

மேலே கூறிய இரண்டாம் வகை ஆய்வுகளில் ஓர் ஒற்றுமை உண்டு. விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை. கட்டுகளையும் வில்லைகளையும் சோதித்தவர்கள், இரத்த ஓட்டம் மிக மோசமாகக் கெட்ட நோயாளிகளைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டனர். அத்தகையோருக்கு முதலில் வேண்டுவது இரத்தமே என்பது அவர்களுக்குத் தெரியும். 2023இல் திருத்தி வெளியான நீரிழிவுப் பாதச் சர்வதேசப் பணிக்குழுவின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. சில புதிய கட்டுகளை அது நிபந்தனையுடன் ஏற்கிறது. அதுவும் முறையான அடிப்படைச் சிகிச்சை அளித்தும் புண் ஆறாத போதுதான். புண் வளர்ச்சிக் காரணிக் களிம்புகளை வழக்கமாகப் பயன்படுத்தும்படி அது பரிந்துரைக்கவில்லை.

அந்த அடிப்படைச் சிகிச்சையின் வரிசை இது: இரத்த ஓட்டத்தை அளந்து, குறைவாயின் சீராக்குதல், கிருமித் தொற்றை அடக்குதல், இறந்த திசுவை நீக்குதல், புண்ணின் மேல் உடற்பாரம் விழாமல் காத்தல், சர்க்கரையைக் கட்டுப்படுத்துதல், புகையிலையை விடுதல். இவற்றுக்குப் பின்னரே புதிய கட்டைப் பற்றிய பேச்சு. நடைமுறையில் நாம் காண்பது தலைகீழ் வரிசை. குடும்பம் நகையை அடகு வைத்து விலையுயர்ந்த களிம்புகளை மாதக் கணக்கில் வாங்குகிறது. பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்க அதுவரை ஒருவரும் இல்லை. இறுதியில் பெரிய மருத்துவமனைக்கு வரும்போது விரல் கறுத்துவிடுகிறது. அந்நிலையில் மிகப் புதிய சிகிச்சையும் கைகட்டி நிற்கிறது.

பாரம் நீக்கும் கலையில் நம் மண்ணுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. பாதம் முழுவதும் பொருந்தும்படி மாவுக்கட்டுப் போட்டுப் புண்ணின் மீதுள்ள அழுத்தத்தைப் பரப்பிவிடும் முறை, முதலில் தொழுநோயாளிகளின் உணர்வற்ற பாதங்களுக்காக இந்தியாவில் கையாளப்பட்டது. 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் விரல்கள் அழிவதற்கு நோயைவிட உணர்வற்ற கையிலும் காலிலும் ஓயாது நேரும் காயமே காரணம் என்று விளக்கினார். பின்னர் அமெரிக்காவின் கார்வில் நகருக்குச் சென்ற அவர் அம்மாவுக்கட்டு முறையை அங்கே பரப்பினார். இன்று நீரிழிவுக் காற்புண்ணுக்கு உலகெங்கும் பாரம் நீக்குதலே அடிப்படையாகப் போற்றப்படுகிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இரத்த ஓட்டம் மிகக் கெட்ட காலில் கழற்ற முடியாத மாவுக்கட்டு ஆபத்தாகும். இங்கும் இரத்தமே முதலில் வருகிறது.

களத்தில் செய்யத் தக்கவை

"எங்களிடம் கருவி இல்லையே" என்று களப்பணியாளர் கூறலாம். முதற் சோதனைக்குக் கருவி வேண்டியதில்லை. பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் விரல் வைத்து நாடி துடிக்கிறதா என்று பாருங்கள். இரு பாதங்களின் வெப்பத்தையும் நிறத்தையும் ஒப்பிடுங்கள். விரலிடுக்கையும் குதிகாலையும் நல்ல வெளிச்சத்தில் காணுங்கள். பின் நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகிய ஆறு நுனிகளை உங்கள் சுட்டுவிரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தடவவோ வேண்டாம். இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாவிடில் அப்பாதம் உணர்விழந்தது என்று கொள்ளலாம். 2011இல் இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரிலிருந்து வெளியான இச்சோதனைக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

நாடி தட்டுப்பட்டால் மட்டும் இரத்த ஓட்டம் நன்றாயிருக்கிறது என்று முடிவு கட்டிவிடலாகாது. அதற்கு அடுத்த படியாகக் கையடக்க டாப்ளர் கருவியால் கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட வேண்டும். விகிதம் 0.9க்குக் குறைந்தால் அடைப்பு உண்டு. நீரிழிவில் குழாய்ச் சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகுவதால் இவ்விகிதம் பொய்யாக உயர்ந்தும் காட்டும். எனவே பெருவிரலின் அழுத்தத்தை அளப்பது மேல். அது 30 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருப்பின் அவசரமாக இரத்தக் குழாய் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். சோதனைகள் நன்றாயிருந்தும், நல்ல சிகிச்சைக்குப் பின்னும் நான்கு முதல் ஆறு வாரங்களில் புண் ஆறாவிடில், குழாய்களைப் படமெடுத்துப் பார்த்தல் தகும்.

இங்கே என் கருத்தைத் தெளிவாகக் கூறிவிடுகிறேன். மாவட்டத் தலைநகரில் ஒரு விலையுயர்ந்த அழுத்த அறையை நிறுவுவதற்கு முன், அம்மாவட்டத்தின் ஒவ்வொரு சமுதாய சுகாதார நிலையத்திலும் ஒரு டாப்ளர் கருவியும், அதைக் கையாளப் பயின்ற ஒரு செவிலியரும் இருக்க வேண்டும். டாக்டரையும் செவிலியரையும் இணையாக அழைத்துப் பாதப் பராமரிப்பில் பயிற்றும் திட்டம் இந்தியாவிலும் தான்சானியாவிலும் 2000ஐ அடுத்த ஆண்டுகளில் நடத்தப்பட்டுள்ளது, வழி புதியதன்று. அன்றியும் ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் எத்தனை கால்கள் துண்டிக்கப்பட்டன, அவர்களுள் எத்தனை பேருக்கு முன்னதாக இரத்த ஓட்டம் அளக்கப்பட்டது என்ற இரு எண்களை வெளியிட வேண்டும். எண்ணப்படாத இழப்பு எவர் மனத்தையும் உறுத்துவதில்லை.

"ஏற்கெனவே படிவங்களால் களைத்திருக்கும் ஊழியர் மீது மேலும் சுமை ஏற்றலாமா?" என்ற மறுப்பு நியாயமானதே. ஆயின் ஆஷா ஊழியர் வீடுவீடாக நிரப்பும் சமுதாய மதிப்பீட்டுப் படிவத்தில், உள்ளங்காலில் அடிக்கடி புண், கைகால்களில் மரமரப்பு என்னும் வினாக்கள் முன்னரே உள்ளன. தொழுநோயைக் கண்டறிய உதவும் அவ்வினாக்களே நீரிழிவுப் பாதத்தையும் காட்டிக் கொடுக்கும். வேண்டுவது புதிய படிவமன்று. "ஆம்" என்ற விடை வந்ததும் செருப்பைக் கழற்றச் சொல்லும் பழக்கமே. அதற்குச் சில நிமிடங்கள் போதும். புண்ணைக் கண்டால் மறுநாளைக்குள் மருத்துவரிடம் அனுப்புக. விரல் கறுத்தல், துர்நாற்றம், சிவந்து வீங்குதல், பாதம் திடீரெனச் சில்லிடுதல், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அன்றே அனுப்புக.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

இப்பணியில் ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. ஊரின் பழக்கத்தை மாற்றும் வலிமை அவர்களிடம் இருப்பதுபோல் வேறெவரிடமும் இல்லை. மரத்துப்போன பாதத்தை வெந்நீரில் ஊறவைத்தல், குளிர்காலத்தில் கணப்பின் அருகே கால் நீட்டி உறங்குதல், கால் ஆணியைப் பிளேடால் சீவுதல், நண்பகலில் சுடு கல்லின் மீது வெறுங்காலுடன் வழிபாட்டிடத்தை வலம் வருதல் ஆகியவை நாடெங்கும் புண்ணுக்கு வித்திடுகின்றன. உணர்வற்ற காலை உறக்கத்தில் எலி கடித்ததை அறியாமல் இருந்தவர்களைப் பற்றியும் நம் நாட்டு மருத்துவர்கள் எழுதியுள்ளனர். பக்தியைக் குறைக்கச் சொல்ல வேண்டியதில்லை. காலை வேளையில் செல்லுங்கள், அனுமதிக்கும் இடத்தில் காலுறை அணியுங்கள் என்று சொன்னால் போதும்.

மேல் வகுப்பு மாணவர்களுக்கு இரத்த ஓட்டப் பாடம் நடத்தும்போது, தம் பாதத்தின் நாடியைத் தாமே தொட்டறியச் செய்யுங்கள். பின் வீட்டில் நீரிழிவுள்ள பாட்டன் பாட்டியின் உள்ளங்காலை நாள்தோறும் பார்க்கும் பொறுப்பை அவர்களுக்குக் கொடுங்கள். கண் மங்கிக் குனிய முடியாத முதியவர்க்குப் பேரக் குழந்தையின் கண்ணைவிட நல்ல கருவி இல்லை. பீடியும் சிகரெட்டும் காலின் குழாயை அடைக்கும் என்ற செய்தியும் அக்குழந்தையின் வாயிலாக வீட்டிற்குள் நுழையும்போது தந்தை சற்றே செவி சாய்ப்பார்.

ஐரோப்பிய நாடுகள் 1989இல் இத்தாலியின் செயின்ட் வின்சென்ட் நகரில் கூடி, நீரிழிவு அழுகலால் நேரும் கால் துண்டிப்பைப் பாதியாகக் குறைப்பதென இலக்கு வகுத்தன. அந்நாளில் இன்றைய கரையும் தாங்கியும் இல்லை. சிரையைத் தமனியாக்கும் கலையும் இல்லை. பாதத்தைப் பார்த்தல், காலத்தோடு அனுப்புதல், ஒழுங்காகச் சிகிச்சை செய்தல் ஆகியவற்றை நம்பியே அவ்விலக்கை வகுத்தனர். நம்மிடம் இன்று அவையும் உண்டு, புதியவையும் உண்டு. புதியவை இன்னும் பெருகட்டும், விலை குறையட்டும், நம் ஆராய்ச்சி நிலையங்களிலிருந்தே வரட்டும். ஆனால் அவற்றின் வாயிலில் நோயாளியைக் காலுடன் கொண்டு சேர்க்கும் பணி களப்பணியாளரையும் ஆசிரியரையும் சார்ந்தது. அடுத்த முறை நீரிழிவு நோயாளி ஒருவர் உங்கள் முன் அமரும்போது, சர்க்கரையின் அளவைக் கேட்பதோடு நிறுத்தாமல், அவருடைய பாதங்களையும் காணுங்கள்.